துக்கடா வில்லன்கள்: ஸ்கர்ஜுக்கு ஒரு இழை

#1 ஒத்தைக்கோடரி

தானோஸ், டூம், லோகின்னு அரைச்ச மாவையே எத்தனை நாள்தான் அரைக்கிறது? இந்த இழை ஒரு துக்கடா வில்லனுக்கு. அமெரிக்க காமிக்ஸ் கம்பெனி மார்வெலோட தோர் (வடக்கத்திப் புராணத்து இடிக்கடவுள்) கதைகள்ல வர்ற எக்ஸிக்யூஷனர். பேரு ஸ்கர்ஜ். தொழில் தலைவெட்டி. ஆனா நிஜ வேலை என்னன்னா, அமோராங்கிற மாயக்காரிக்குப் பின்னாடி கோடரியைத் தூக்கிட்டு நிக்கிறது.

அவன் முதல்ல தலைகாட்டினது 'ஜர்னி இன்டு மிஸ்டரி' 103ஆம் இதழ்ல, 1964 ஏப்ரல். எழுத்து ஸ்டான் லீ, படம் ஜாக் கிர்பி. மகன் தோர் போயும் போயும் ஒரு மானிட நர்ஸைக் காதலிக்கிறானேன்னு தேவராஜா ஓடின் கடுப்புல இருக்கார். அந்தச் சாக்குல லோகி அமோராவைக் கிளப்பி விடுறான். அவ டாக்டர் டான் பிளேக் வேஷத்துல இருக்கிற தோரை மயக்கப் பார்க்கிறா, நடக்கல. உடனே ஸ்கர்ஜுக்கு ஆள் அனுப்புறா. இவன் வந்து அந்த நர்ஸ் ஜேன் ஃபாஸ்டரை வேற ஒரு பரிமாணத்துக்குள்ள தள்ளி விட்டுட்டு, "உன் சுத்தியலைக் கொடு, அவளைத் திருப்பித் தர்றேன்"னு பேரம் பேசுறான். தோரும் கொடுத்துடறான். ஜேனைக் கூட்டிட்டு வந்துட்டு, சுத்தியலைத் தூக்கப் பார்த்தா அசையல! ஜேனை ஏன் திருப்பிக் கொண்டுவந்தேன்னு அமோராவுக்கு ஆத்திரம், இவனையே மரமா மாத்த ஆரம்பிச்சுடறா. கடைசியில சுத்தியலை நீயே எடுத்துக்கோ, என்னைக் காப்பாத்துன்னு தோர்கிட்டயே கெஞ்ச வேண்டியதாப் போச்சு.

முதல் கதையே இந்த லட்சணம். தூக்க முடியாத பொருளுக்கு ஆசைப்பட்டு, யாருக்காக வந்தானோ அவ கையாலேயே மரமாகப் பார்த்த ஆள். அதே வருஷம் ஆகஸ்ட்ல, அவெஞ்சர்ஸ் 7ல, ரெண்டு பேரையும் ஓடின் பூமிக்கு நாடுகடத்துறார். அவெஞ்சர்ஸோட எதிரி ஜீமோ கும்பல்ல சேர்றாங்க. அதுக்கப்புறம் 20 வருஷத்துக்கு மேல அவ சொன்னதைச் செய்யறது, அடி வாங்குறது, ஓடறது.

அப்புறம் 1985 டிசம்பர், தோர் 362. செத்தவங்க உலகமான ஹெல்லோட பாலத்துல, மத்தவங்க தப்பிக்கறதுக்காக, எம்-16 துப்பாக்கியோட ஸ்கர்ஜ் தனியா நின்னு சாகிற இதழ்.

படிச்சவங்களுக்குத் தெரியும். துக்கடா வில்லன்கள்ல இதைவிட நல்ல முடிவு வேற எவனுக்காவது கிடைச்சிருக்கா? அதுதான் என் கேள்வி.

#2 சில்வண்டு

அண்ணே, இது ரக்னராக் படத்துல மொட்டைத்தலையோட வருவாரே, கார்ல் அர்பன், அவர்தானா? ரெண்டு துப்பாக்கிக்குப் பேர்லாம் வெச்சிருப்பாரே! அது காமெடி பீஸ்னுல்ல நினைச்சேன். கடைசியில கப்பல்லேர்ந்து குதிச்சுச் சுடுவார், சீட்டி அடிச்சேன், ஆனா திடீர்னு ஏன் இந்தாளு இவ்ளோ சீன் போடறார்னு புரியல.

#3 ஒத்தைக்கோடரி

அவரேதான் தம்பி. 2017. டெக்சாஸ்லேர்ந்து கொண்டு வந்த எம்-16 ரெண்டு, ஒண்ணு 'டெஸ்', இன்னொண்ணு 'ட்ராய்', சேர்த்துச் சொன்னா அழித்தொழின்னு ஆங்கிலத்துல அர்த்தம். உனக்குப் புரியாம போனதுல உன் தப்பு ஒண்ணுமில்ல. காமிக்ஸ்ல அவன் கையில எம்-16 இருந்ததைப் படிச்சவங்களுக்குன்னு வெச்ச காட்சி அது. ஆனா அந்தப் படத்துல அமோராவே கிடையாது. அவ இல்லாம ஸ்கர்ஜ் ஏன் அந்தப் பாலத்துல நின்னான்னு சொல்லவே முடியாது.

#4 குறுக்குக்கேள்வி

ஒரு சந்தேகம். இது 'புராணக் காமிக்ஸ்' பகுதி. இந்த ஆள் எந்தப் புராணத்தில் இருக்கிறான்? ஐஸ்லாந்துக்காரர்கள் எழுதிவைத்த வடக்கத்திப் புராண நூலான எட்டாவில் தலைவெட்டித் தேவன் என்று ஒருவனும் இல்லை. அமோராவும் இல்லை. கிர்பி ஓர் ஐரோப்பியத் தலைவெட்டியை வரைந்து அவனைத் தேவர்களின் அஸ்கார்டுக்குள் விட்டுவிட்டார். அவ்வளவுதான். லோகி, செத்தவர்களின் ராணி ஹெலா, நெருப்பரக்கன் சுர்துர் பற்றிப் பேசினால் ஒரு நியாயம் உண்டு. இவன் வெளியாள்.

#5 வடக்குக்காற்று

குறுக்குக்கேள்வி சொன்னது சரி, ஸ்கர்ஜ் எட்டாவில் இல்லை. ஆனால் அவன் செத்த இடம் எட்டாவில் இருக்கிறது. எனக்கு இந்தக் கதை பிடித்துப் போனதே அதனால்தான்.

எட்டாவில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் எழுதியது. ஓடினின் மகன் பால்டர் செத்துப்போகிறான். அவனை மீட்டுவர யாராவது ஹெல் உலகத்துக்குப் போக வேண்டும். தம்பி ஹெர்மோத் கிளம்புகிறான். ஓடினின் எட்டுக்கால் குதிரை ஸ்லெய்ப்னிர் மேல் ஏறி, ஒன்பது இரவுகள், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இருண்ட பள்ளத்தாக்குகள் வழியாகப் போகிறான். கடைசியில் கியோல் என்ற ஆறு. அதன் மேல் ஒரு பாலம், மின்னும் தங்கத்தால் வேய்ந்தது. அதுதான் கியாலர்ப்ரூ. காவலுக்கு மோத்குத் என்ற கன்னி.

அவள் ஹெர்மோத்தை நிறுத்திப் பெயரும் குலமும் கேட்கிறாள். பிறகு சொல்கிறாள்: நேற்று ஐந்து படையணி செத்தவர்கள் இந்தப் பாலத்தைக் கடந்து போனார்கள், நீ ஒருத்தன் போகும்போதும் பாலம் அதற்குக் குறையாமல் அதிர்கிறது, உன் முகத்தில் பிணத்தின் நிறமும் இல்லையே!

உயிருள்ள ஒருத்தன் ஐந்து படைக்குச் சமமாக அதிரவைத்த பாலம். தோர் 362ஐ எழுதி வரைந்த வால்டர் சைமன்சன் அதே பாலத்தில் ஸ்கர்ஜை நிறுத்துகிறார், எதிரே செத்தவர்களின் படை. ஸ்னோரியில் ஒருத்தன் ஹெல்லுக்குள் போகிறான். இங்கே மற்றவர்கள் வெளியே போவதற்காக ஒருத்தன் உள்ளே தங்குகிறான்.

பாத்திரம் வெளியாள் என்பதில் எனக்குச் சங்கடம் இல்லை. வெளியாளைக் கொண்டுவந்து அந்த மண்ணில் புதைத்தபிறகு அவன் எப்படி வெளியாள்?

#6 குறுக்குக்கேள்வி

கடைசி வரி நன்றாக இருக்கிறது. ஆனால் அது வாதம் இல்லை, வசனம். :)

#7 மைக்கறை

நான் கதை பேச வரல. இந்த இதழ்களைப் பார்க்கிறவங்க எழுத்து போட்டிருக்கிற விதத்தைக் கவனிக்காமப் போயிடறாங்க, அதுக்காக எழுதறேன். சைமன்சன் தோரை எடுத்தது 337ஆம் இதழ்ல, 1983 நவம்பர். 382 வரைக்கும், 1987 ஆகஸ்ட் வரைக்கும் எழுதினார், 367 வரைக்கும் பெரும்பாலும் படமும் அவரே, அப்புறம் சால் பஸ்ஸீமா. பலூன்லயும் சத்தத்துக்கும் எழுத்து வரைஞ்சு போட்டது (லெட்டரிங்) ஜான் வொர்க்மேன். பலூன்களைக் கட்டத்தோட நடுவுல மிதக்க விடாம, ஓரக்கோட்டுல ஒட்டி, கோடே இல்லாமத் திறந்து விட்டுடுவார். படத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். 337லேர்ந்தே எங்கியோ யாரோ வாள் அடிக்கிற பட்டறைச் சத்தம் மட்டும் 'டூம்'னு பக்கம் பூரா வரும். அந்தச் சத்தம் வெறும் எழுத்து இல்ல, கட்டடம் மாதிரி நிக்கும். யார் அடிக்கிறான்னு தெரியவே மாசக்கணக்காகும்.

ஆனா 362 முடியறப்ப அந்த ஆரவாரம் ஒண்ணும் இல்ல. ஸ்கர்ஜ் வாயில வீர வசனம் கிடையாது. கதைசொல்லி மட்டும் தணிஞ்ச குரல்ல பேசறார். ஹெல்லுல பாட்டுப் பாட மாட்டாங்க, வீரர்களைக் கொண்டாட மாட்டாங்க, அது சத்தமில்லாத ஊர். ஆனாலும் அந்தப் பாலத்துக் கதை ஒன்பது உலகத்துலயும் காதோட காதாப் போயிட்டிருக்குன்னு. அப்புறம் ஒரே ஒரு சின்ன வாக்கியம், அவன் அங்க தனியா நின்னான்னு. நாலு வருஷமா 'டூம்' போட்ட கைதானே அது? எங்க அடக்கணும்னு தெரிஞ்சிருக்கு பாருங்க.

#8 ஒத்தைக்கோடரி

மைக்கறை அக்கா, நாலு வருஷம் இல்ல, ரெண்டு வருஷம். 83 நவம்பர் டு 85 டிசம்பர்.

#9 மைக்கறை

கணக்கு வாத்தியார் வந்துட்டார். ரெண்டுன்னே வெச்சுக்கோங்க.

#10 நாடோடி நரி

என் கதை கொஞ்சம் வேற. எனக்கு 362 கிடைச்சது பழைய பேப்பர் கடையில, எடை போட்டு வாங்கினது. அட்டை கிடையாது. கடைசி ரெண்டு தாளும் கிடையாது. ஸ்கர்ஜ் தோரைப் பின்னாலேர்ந்து அடிச்சு மயக்கம் போட வெச்சுட்டு, பால்டர்கிட்ட, இவனைத் தூக்கிட்டுப் போ, நான் நிக்கிறேன்னு சொல்ற இடம் வரைக்கும்தான் இருந்தது.

அதனால பல வருஷம் நான் நினைச்சிட்டிருந்தது என்ன தெரியுமா? இதுல ஏதோ உள்குத்து இருக்குன்னு! வில்லன்தானே, தோரைப் பின்னாலேர்ந்து அடிக்கிறான், அப்ப ஹெலாகிட்ட ஏதோ பேரம் பேசியிருக்கான், அடுத்த பக்கத்துல காட்டிக் கொடுத்திருப்பான்னு முடிவே கட்டிட்டேன். 103லேர்ந்து அவன் செஞ்சது எல்லாமே அப்படித்தானே. தொகுப்பு கைக்கு வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்னிக்கு, இத்தனை வருஷமா ஒருத்தனைத் தப்பாப் பேசிட்டேனேன்னு உறுத்துச்சு. காகிதத்துல இருக்கிறவன்கிட்ட எப்படி மன்னிப்பு கேக்கறது சொல்லுங்க.

#11 குறுக்குக்கேள்வி

நரி சார் உருகிட்டார். நான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன்.

ஸ்கர்ஜ் ஏன் ஹெல்லுக்குப் போனான்? தோர் போவதற்குக் காரணம் இருக்கிறது, ஹெலா பிடித்து வைத்திருக்கும் மனித உயிர்களை மீட்க. பால்டருக்கும் இருக்கிறது, ஏற்கெனவே செத்து அங்கே போய்த் திரும்பியவன், அந்த பயத்தை முறிக்க வேண்டும். ஸ்கர்ஜுக்கு? அமோரா அஸ்கார்டின் காவலன் ஹெய்ம்டாலோடு சிரித்துப் பேசுகிறாள். இவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. உடனே "நானும் வருகிறேன்" என்று படையில் சேர்கிறான். இதற்குப் பெயர் தியாகமா? நம் ஊரில் தண்டவாளத்தைத் தேடிப் போகிறவன் கதையும் இதுதானே. 20 வருஷத்து அடியாள்தனத்தை ஒரே பக்கத்தில் கழுவிவிட்டார்கள் என்பது என் குற்றச்சாட்டு. அவனால் செத்தவர்கள், அவன் கடத்தியவர்கள், யாருக்கும் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

#12 ஒத்தைக்கோடரி

இந்தக் கேள்விக்காகத்தான் இழையே ஆரம்பிச்சேன்.

குறுக்குக்கேள்வி, நீங்க நடுவுல ஒரு படியைத் தாண்டிட்டீங்க. பாலத்துக்கு முன்னாடி கப்பல் இருக்கு. நாக்ல்ஃபார். செத்தவங்களோட நகத்தைச் சேர்த்துக் கட்டுற கப்பல், அது மிதக்க ஆரம்பிச்சா உலகம் முடியப்போகுதுன்னு அர்த்தம். (இதுவும் ஸ்னோரில இருக்கறதுதான். யாரும் நகம் வெட்டாம சாகக் கூடாது, செத்தா கப்பலுக்குப் பலகை கொடுத்த மாதிரின்னு அவர் சொல்றார். படிச்ச அன்னிக்கு ராத்திரியே நகம் வெட்டினேன்.) ஹெல்லுல அமோரா மாதிரியே ஒரு உருவம் காட்டி ஸ்கர்ஜை அந்தக் கப்பலுக்கு இழுக்கிறாங்க. இவனும் நாய்க்குட்டி மாதிரிப் போறான். அது மாயம்னு தெரிஞ்சதும் வர்ற ஆத்திரத்துல கோடரியால ஒரே போடு. கப்பல் சுக்குநூறு. கூடவே கோடரியும் போச்சு.

இப்ப யோசிங்க. அவனோட பேரே தொழில் பேரு. தலைவெட்டி. அந்தக் கோடரி இல்லாம அவன் யாரு? பரிமாணத்தையே கிழிக்கிற கோடரி அது, 64லேர்ந்து அவன்கிட்ட இருந்த ஒரே மரியாதை அதுதான். அவளும் போயிட்டா, கோடரியும் போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் பாலம். கையில இருக்கிறது பூமியிலேர்ந்து கொண்டு போன துப்பாக்கி.

பாலத்துல அவன் பால்டர்கிட்ட சொல்ற காரணத்தைப் பாருங்க. நான் நல்லவனாயிட்டேன்னு சொல்லல, செஞ்ச பாவத்துக்கு ஈடுன்னும் சொல்லல. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க, கடைசிச் சிரிப்பு என்னோடதா இருக்கட்டும், இதுதான் அவன் பேச்சோட சாரம். நீங்க கழுவிட்டாங்கன்னு சொல்றீங்க. சைமன்சன் ஒண்ணையும் கழுவல, அந்த அழுக்கைத்தான் காரணமாவே வெச்சிருக்கார். 21 வருஷம் எழுத்தாளர்கள் மாத்தி மாத்தி அவனைக் கேலிப்பொருளா வெச்சிருந்தாங்க. இவர் அதைத் திருத்தி எழுதாம, அந்தச் சிரிப்பு அவன் காதுல விழுந்துட்டு இருந்துச்சுன்னு மட்டும் சொன்னார்.

#13 தேர்க்கால்

புதுசா வந்தவன், மன்னிக்கவும். எனக்கு இதைப் படிக்கும்போது கும்பகர்ணன்தான் ஞாபகம் வந்தான். தப்பான பக்கம்னு தெரிஞ்சே போறவன். இல்லேன்னா கர்ணன்.

#14 வடக்குக்காற்று

வாங்க தேர்க்கால். ஒப்பீடு எனக்கும் முதலில் தோன்றியது, ஆனால் பொருந்தவில்லை. கும்பகர்ணனும் கர்ணனும் செஞ்சோற்றுக் கடனுக்காகப் போனவர்கள். யாருக்கோ பட்ட கடன். ஸ்கர்ஜுக்குச் சோறு போட்டவர் யார்? ஓடின் நாடுகடத்தினார், அமோரா மரமாக்கப் பார்த்தாள், தோர் 20 வருஷமாக அடித்தான். அவன் யாருக்கும் ஒன்றும் பாக்கி இல்லை. இன்னொன்று, அவர்கள் இருவரும் கடைசிவரை தங்கள் பக்கத்திலேயே நின்றவர்கள். இவன் எதிர்ப்பக்கம் வந்து நிற்கிறான்.

என் மனசில் ஒட்டுகிற ஆள் வேறு. 1066 செப்டம்பர் 25, இங்கிலாந்தில் ஸ்டாம்ஃபோர்ட் பாலம். நார்வே அரசன் ஹாரால்ட் ஹார்டுராடா படையெடுத்து வந்திருக்கிறான், ஆங்கிலேயப் படை எதிர்பாராத நேரத்தில் மேலே விழுந்துவிடுகிறது. ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பின் ஒரு பிரதியில் பின்னால் யாரோ சேர்த்த சில வரிகள் இருக்கின்றன. ஒரே ஒரு நார்வேக்காரன் பாலத்தில் நின்று ஆங்கிலேயப் படையைக் கடக்கவிடாமல் நிறுத்தினான். அம்பு எய்தார்கள், பலிக்கவில்லை. கடைசியில் ஒருத்தன் பாலத்துக்கு அடியில் போய், கீழேயிருந்து சங்கிலிக் கவசத்துக்குள் குத்திக் கொன்றான். பிற்காலத்தில் சொன்னவர்கள் கையில் கோடரி கொடுத்தார்கள், அவன் கொன்றவர்கள் 40 பேர் என்றும் கணக்குச் சொன்னார்கள். எழுதிவைத்தது எதிரி நாட்டுக்காரன். அவன் பெயரைக்கூட யாரும் எழுதவில்லை.

கோடரி, வடக்கத்தியான், பாலம், எதிரே முழுப்படை. சைமன்சன் இதை நினைத்துத்தான் வரைந்தார் என்று நான் சொல்லமாட்டேன். வடக்கத்திக் கதைகளில் ஊறியவர், இது காதில் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

#15 தேர்க்கால்

எதிரிகள் எழுதிவெச்சாங்கங்கறது... அது கியாலர்ப்ரூவுக்கும் பொருந்துதே. ஸ்கர்ஜ் கதையைச் சொல்லிட்டுத் திரியறது ஹெல்லுல இருக்கறவங்க. அவனை எதிர்த்து நின்ன கூட்டம்.

#16 வடக்குக்காற்று

ஆமாம். இதை நான் இத்தனை நாள் பார்க்கவில்லை. நன்றி.

#17 சில்வண்டு

ஒரு முட்டாள் கேள்வி. கடவுள்கள் சண்டையில எம்-16 எதுக்கு? சிரிப்பா இல்லையா? தோர் சுத்தியல், பால்டர் வாள், இவன் மட்டும் சீருடை போடாத மிலிட்டரிக்காரன் மாதிரி.

#18 நாடோடி நரி

முட்டாள் கேள்வி இல்ல தம்பி, நல்ல கேள்வி. அது வியட்நாம் துப்பாக்கி. சைமன்சன் பிறந்தது 1946ல. அந்தத் தலைமுறை அமெரிக்கர்களுக்கு அந்த உருவத்தைப் பார்த்தா என்னென்ன ஞாபகம் வந்திருக்கும்னு நினைச்சுக்கோ.

இன்னொரு கணக்கு. எம்-16 மேகஸின்ல 20 இல்லேன்னா 30 தோட்டா. விசையை அழுத்திப் பிடிச்சா நிமிஷத்துக்கு 700க்கு மேல போகும். அப்ப 30 தோட்டா எத்தனை நேரம் தாங்கும்? மூணு செகண்டுகூட இல்ல. தோர் சுத்தியலை எறிஞ்சா திரும்பி வரும், தீராது. ஸ்கர்ஜ் கோடரியும் தீராது. துப்பாக்கிதான் தீரும். அவன் கையில அதைக் கொடுத்தப்பவே படிக்கிறவனுக்குத் தெரிஞ்சுடுது, இது எத்தனை நேரம்னு. வாள் கொடுத்திருந்தா அந்தப் பயமே வந்திருக்காது.

#19 திண்ணை (மட்டுறுத்துநர்)

தோட்டா வேகம், துப்பாக்கி மாடல் பற்றி மேலே பேச விரும்புகிறவர்கள் 'அரட்டை' பகுதிக்குப் போகவும். நேற்று இரவு வந்த 11 பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன். 5.56 மில்லிமீட்டரா 7.62 மில்லிமீட்டரா என்று இரண்டு பேர் விடியும்வரை சண்டை போட்டிருக்கிறீர்கள். எம்-16க்கு 5.56. முடிந்தது.

#20 அட்டைப்பெட்டி

தாமதமா வர்றேன். ஒத்தைக்கோடரி, முதல் பதிவுல ஒரு பிழை. 20 வருஷமும் அவ சொன்னதைச் செஞ்சுட்டே இருந்தான்னு எழுதியிருக்கீங்க. டிஃபெண்டர்ஸ் 4, 1973, எடுத்துப் பாருங்க. அங்க ஸ்கர்ஜ் காசியோலினாங்கிற ராணிகிட்ட இருக்கான். அமோராவை விட்டுட்டுப் போனவன் இவன். அதுக்கு முன்னாடி அவெஞ்சர்ஸ் 83ல, 1970, அமோரா பெண் நாயகிகளை எல்லாம் ஆண்களுக்கு எதிராத் தூண்டி விடுவாளே, அந்தக் கோபத்துக்குப் பின்னாடியும் இவன் விட்டுட்டுப் போனதுதான் இருக்கு. அதனால 'பாவம் அப்பாவி, காலைச் சுத்தின நாய்க்குட்டி'ங்கற உங்க வாதம் ஆட்டம் காணுது.

#21 குறுக்குக்கேள்வி

அட்டைப்பெட்டி ஐயாவுக்கு ஒரு காபி.

#22 ஒத்தைக்கோடரி

ஒத்துக்கறேன். டிஃபெண்டர்ஸை நான் மறந்தே போனேன், தப்பு என்மேலதான். முதல் பதிவைத் திருத்தல, படிக்கிறவங்களுக்கு உங்க பதிவு புரியணும்ங்கறதுக்காக அப்படியே விட்டிருக்கேன்.

ராத்திரி பூரா யோசிச்சதுல ஒண்ணு தோணுச்சு. போகவே முடியாம மாட்டிக்கிட்டவன்னா பரிதாபம்தான் மிச்சம். இவன் ஒரு தடவை போயிருக்கான். வேற ஒருத்திகிட்ட, வேற நாட்டுல. அப்புறம் அவனே திரும்பி அவ பின்னாடி வந்து நின்னிருக்கான். யாரும் சங்கிலி போடல. மறுபடி சிரிச்சாங்க, மறுபடி நின்னான். அப்ப ஹெல்லுல அவன் சொன்ன 'சிரிச்சாங்க'ங்கற வார்த்தைக்கு எடை கூடத்தான் செய்யுது. தன்னைப் பார்த்துச் சிரிக்கறதுக்கு எல்லாருக்கும் காரணம் கொடுத்தவன் தான்தான்னு அவனுக்குத் தெரியும்.

#23 குறுக்குக்கேள்வி

இதை ஏற்கிறேன். பாதியை. அவன் பாதித்த மனிதர்கள் பற்றிய என் கேள்வி இன்னும் நிற்கிறது. கதை அவர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆனால் தண்டவாளம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தண்டவாளத்தில் படுக்கிறவன் யாருக்கும் வழி விட்டுக் கொடுப்பதில்லை.

#24 மைக்கறை

யாராவது கேப்பீங்கன்னு பார்த்தேன், கேக்கல. அவனைத் திரும்பக் கொண்டு வந்தது சரியா? 2018ல 'அஸ்கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி'ல கும்பலோட கும்பலா ஸ்கர்ஜும் இருக்கான். தவளை உருவத் தோர் கூட ஒரே அணியில. படிச்சேன், மோசம்னு சொல்ல மாட்டேன், ஜாலியாத்தான் இருந்தது. ஆனா அவன் வசனம் பேசுற ஒவ்வொரு கட்டத்துலயும் எனக்குள்ள ஒண்ணு, "நீ இங்க என்னப்பா பண்றே?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தது.

#25 வடக்குக்காற்று

வடக்கத்திப் புராணத்தில் ஹெல்லிலிருந்து செத்தவர் யாரும் திரும்ப முடியாது என்பதுதான் பால்டர் கதையின் வலி. உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் அவனுக்காக அழுதால் விடுகிறேன் என்கிறாள் அந்த உலகத்தின் ராணி ஹெல். கல் அழுகிறது, மரம் அழுகிறது, உலோகம் அழுகிறது. குகையில் இருக்கும் ஒரே ஒரு அரக்கி அழமாட்டேன் என்கிறாள். போச்சு. ஒரு கிழவியின் வறண்ட கண்ணால் பால்டர் அங்கேயே. (அவள் லோகியின் மாறுவேஷம் என்று சொல்வார்கள்.) காமிக்ஸ் உலகத்தில் அழக்கூட வேண்டாம், விற்பனை சரிந்தால் போதும், கதவு திறந்துவிடும்.

#26 அட்டைப்பெட்டி

நான் எதிர்க்கட்சி. திரும்பி வந்தா என்ன? 362 அலமாரியில அப்படியேதானே இருக்கு. புது இதழ் வந்து பழைய இதழ்ல மையை அழிக்கப் போறதில்ல. பிடிக்கலேன்னா வாங்காதீங்க. நான் வாங்கினேன், தவளைக்காக.

#27 மைக்கறை

தவளைக்காகன்னா சரி. அதுவும் சைமன்சன் தோரைத் தவளையாக்கினதுலேர்ந்து முளைச்ச கிளைதானே.

#28 சில்வண்டு

படிச்சுட்டேன். 360லேர்ந்து 362 வரைக்கும். காலையில பஸ்ல.

பாலத்துக்கு நடுவுல நிப்பான்னு நினைச்சேன், படத்துல பார்த்ததாலயோ என்னவோ. எனக்கு அதைவிட ஒட்டினது அதுக்கு முந்தின விஷயம். பாலத்துல நிக்கப் போறேன்னு முதல்ல முடிவு பண்ணது தோர். எல்லாரும் அதைச் சரின்னு எடுத்துக்கறாங்க, ஏன்னா அவன் தோர். அதான் ஸ்கர்ஜ் அவனை அடிக்க வேண்டியதாப் போச்சு. கேட்டா யாரும் இவனுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்க மாட்டாங்க.

#29 ஒத்தைக்கோடரி

தம்பி, இழையோட முதல் பதிவை நீ எழுதியிருக்கணும்.

#30 நாடோடி நரி

ஒரு உதவி வேணும். என் கிழிஞ்ச பிரதிக்கு அந்தக் கடைசி ரெண்டு தாளை நகல் எடுத்துச் சேர்க்கலாம்னு இருக்கேன். தொகுப்பு இருக்கு, ஆனாலும் அந்தப் பழசைத் தூக்கிப்போட மனசு வரல. செலோ டேப் போடலாமா? மைக்கறை அக்கா?

#31 மைக்கறை

ஐயோ, டேப் மட்டும் வேண்டாம். ரெண்டு மூணு வருஷத்துல மஞ்சளாகி, பசை காகிதத்துக்குள்ள இறங்கிடும், அப்புறம் உரிக்கவே முடியாது. அந்தக் காலத்து காமிக்ஸ் தாள் வேற, தொட்டா உதிரும். மைதாவைத் தண்ணியில கரைச்சு, கட்டி இல்லாமக் காய்ச்சி, ஆறவெச்சு, ரொம்ப நீர்க்க எடுத்துக்கோங்க. ஓரத்துல மட்டும் தூரிகையால ஒரு கோடு. மேல மெல்லிசா ஒரு தாள், அதுக்கு மேல கனமான புஸ்தகம். ஒரு ராத்திரி திறக்காதீங்க.

#32 நாடோடி நரி

ஒட்டியாச்சு. மேல எடைக்கு அகராதி வெச்சிருக்கேன். நாளைக்குக் காலையில பார்க்கணும்.